விண்ட்ஹாண்டின் ‘சோமா’: புதியவர் எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மெதுவான தாளமும் கனத்த கிட்டார் ஒலியும் கொண்ட மெட்டல் இசைவகையான டூம் மெட்டலை முதன்முறை கேட்பவர்களிடமிருந்து பெரும்பாலும் வருவது ஒரே புகார்தான்: “பாடகியின் குரலே கேட்கவில்லையே!” நானும் அப்படிச் சொன்னவன்தான். விண்ட்ஹாண்ட் குழு 2013-இல் வெளியிட்ட ‘சோமா’ ஆல்பத்தை முதலில் கைபேசி ஒலிபெருக்கியில், பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து ஒருவர் பாடுகிறார், கிணற்று மேட்டில் ஒரு லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது என்பதுபோல் இருந்தது. நான்கு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

பிழை என்னுடையது. அந்தக் குரல் அங்கே இருப்பதுதான் இந்த ஆல்பத்தின் ஈர்ப்பே. அதைப் பிடிக்க எனக்கு உதவிய வரிசை இது.

விண்ட்ஹாண்ட், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ரிச்மண்ட் நகரத்துக் குழு. பாடுபவர் டோர்த்தியா காட்ரெல். ஆறு பாடல்கள், மொத்தம் சுமார் 75 நிமிடம்.

படி 1: ஹெட்போன்

கைபேசி ஒலிபெருக்கி வேண்டாம். டூம் மெட்டலில் கிட்டார் தந்திகளை வழக்கத்தைவிடத் தளர்த்திச் சுருதியை இறக்கி வாசிப்பார்கள். சிறிய ஒலிபெருக்கியால் அந்த அடி ஒலியை எழுப்ப முடியாது. மிஞ்சுவது டிஸ்டார்ஷனின், அதாவது கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைப்பதால் வரும் கரகரப்பு மட்டும். அது குரல் புழங்கும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு குரலை அமுக்கிவிடும். ஹெட்போனில் அடி ஒலி தன் இடத்துக்குப் போய்விட, நடுவில் குரலுக்கு வழி கிடைக்கிறது. அடி ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒலியை மிதமாக வையுங்கள், காது உங்களுடையது.

சுருதியை இறக்கும் வழக்கத்துக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. மெட்டல் இசையின் முன்னோடியான பிரிட்டிஷ் குழு பிளாக் சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில், தகட்டுத் தொழிற்சாலை வேலையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். இறுக்கம் குறைந்த தந்தி அவருக்கு எளிதாக இருந்தது. 1971-இல் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தின் பல பாடல்களில் சுருதி மூன்று அரைஸ்வரம் கீழே இருக்கிறது. டூம் குழுக்கள் இன்றும் அந்தப் பள்ளத்தில்தான் குடியிருக்கின்றன.

படி 2: நான்காவது பாடலிலிருந்து தொடங்குங்கள்

‘எவர்கிரீன்’. இதில் டிரம்ஸ் இல்லை, இரைச்சல் இல்லை. ஓர் அக்கூஸ்டிக் கிட்டாரும் காட்ரெலின் குரலும் மட்டும். இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை ஒவ்வொரு வரியும் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். உச்சத்தைத் தொட்டுக் காட்டும் ஆசை இந்தக் குரலுக்கு இல்லை. லேசான கரகரப்போடு ஒரு ஸ்வரத்தில் வந்து நிற்கிறது. நின்ற இடத்திலேயே மெல்லக் கரைகிறது. நம் இசையில் கார்வை என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். இந்தக் குரலை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் இது புகைக்குள் போய்விடும்.

படி 3: இப்போது முதல் பாடல்

‘ஆர்ச்சர்ட்’டைப் போட்டுவிட்டுக் குரலைத் தேடாதீர்கள். முதலில் ரிஃப், அதாவது கிட்டார் திரும்பத் திரும்ப வாசிக்கும் அந்தச் சிறு வரி. அதை வாய்க்குள் முணுமுணுக்க வரும்வரை அதையே பின்தொடருங்கள். பிறகு குரல் தானாக வந்து சேரும்.

பெரும்பாலான மெட்டல் ஆல்பங்களில் குரல் கிட்டாரோடு மல்லுக்கட்டும். இங்கே சண்டையே கிடையாது. காட்ரெலின் குரலை ஒலிக்கலவையில் வேண்டுமென்றே தாழ்த்தி, எதிரொலியில் நனைத்து வைத்திருக்கிறார்கள். தாளம் அவ்வளவு மெதுவாக நகர்வதால் ஒரு சொல்லே நீண்டுகொண்டு போகிறது; கீழே ரிஃப் உறுமிக்கொண்டிருக்க, மேலே அந்தச் சொல் அசையாமல் மிதக்கிறது. கனமும் மென்மையும் எதிரெதிராக நிற்பதாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒரே சோர்வைத்தான் இரண்டு விதமாகச் சொல்கின்றன. பின்னணியில் எவர்கிரீனின் அதே குரலை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளும் நொடியில் ஆல்பம் திறந்துகொள்ளும். எனக்கு அது மூன்றாம் நாள்தான் நடந்தது.

படி 4: பாடல் வரிகள்

கடைசியில் படித்தால் போதும். முதலிலேயே வரிகளைத் திறந்து வைத்தால் கண் ஓடும், காது நின்றுவிடும்.

படி 5: ‘போலஸ்கின்’

இறுதிப் பாடல், அரை மணி நேரம் ஓடும். பயப்பட வேண்டாம், ஆனால் கைவேலையோடும் கேட்க வேண்டாம். விளக்கைக் குறைத்து உட்காருங்கள். நடுவே எங்காவது நிச்சயம் அலுப்பு வரும், எனக்கும் வந்தது. அங்கே நிறுத்தாதீர்கள். அதே ரிஃப் சுற்றிச் சுற்றி வரும்போது மனம் எதிர்பார்ப்பதை விட்டுவிடுகிறது. அதன்பிறகு டிரம்ஸில் வரும் சிறு மாற்றம்கூடப் பெரிய நிகழ்ச்சியாகிவிடும்.

படி 6: அடுத்து எது?

‘பெண் பாடகி’ என்று போட்டுத் தேடினால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளிக் கொடுப்பார்கள். அது ஓர் இசைவகை அல்ல. பல பாடகிகளுக்கே அந்த முத்திரை பிடிப்பதில்லை. வேறுபாடு தெரிய வேண்டுமானால் நார்வேயின் ‘த தேர்ட் அண்ட் த மார்ட்டல்’ குழு 1994-இல் வெளியிட்ட ‘டியர்ஸ் லெய்ட் இன் எர்த்’ ஆல்பத்தைக் கேளுங்கள். அங்கே காரி ரூஸ்லோட்டனின் குரல் பளிங்குபோல் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. சோமாவுக்கு நேர் எதிர். பிறகு அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த சப்ரோசா குழு: ரெபெக்கா வெர்னன் பாட, கிட்டாரோடு இரண்டு வயலின்கள் சேர்ந்து இழுக்கும். இத்தாலியின் மெஸ்ஸா குழு 2022-இல் தந்த ‘க்ளோஸ்’ ஆல்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றை ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்காதீர்கள். இரண்டாவது ஆல்பத்தின் பாதியிலேயே காது களைத்துவிடும்.