மொழிகளின் உறவை ஒலி ஒப்பீட்டால் அறிவது எப்படி

அண்டை மொழிகளின் உறவை ஆராயப் புகுபவர், ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைக் கண்டதும் உறவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தமிழ்ச் 'சாவி'யும் இந்திச் 'சாபி'யும் ஒத்திருப்பதற்குக் காரணம், இரண்டும் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை என்பதே. ஆகவே உடலுறுப்பு, எண், உறவுப்பெயர், அன்றாட வினை ஆகியவற்றில், எளிதில் கடன் வாங்கப்படாத நூறு இருநூறு சொற்களை முதலில் தொகுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒற்றுமையை விடுத்து ஒழுங்கான வேற்றுமையைத் தேடுங்கள். தமிழில் பால், பல், புலி, பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து என வருகின்றன. பழங்கன்னடத்தில் இவை பகரத்தோடுதான் இருந்தன. பிற்காலத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாயிற்று. 'பூஜெ' போன்ற வடசொற்கள் கன்னடத்தில் பகரத்தை விடாதிருப்பதால், இந்த விதியே கடன்சொல்லைப் பிரித்துக் காட்டவும் உதவுகிறது. எனவே இயன்றவரை பழைய கல்வெட்டு வடிவங்களையும், பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியையும் பாருங்கள்.

விதிக்கு அடங்காத சொல் எதிர்ப்பட்டால் அதை ஒதுக்காதீர்கள். என் கருத்தில் இத்துறையின் உண்மையான சுவை அங்கேதான் இருக்கிறது. கன்னடத்தின் கிவி, கேரி என்பவற்றுக்குத் தமிழில் செவி, சேரி என நிற்கின்றன. இகர எகர உயிர்களின் முன் ககரம் சகரமாகியிருக்கிறது. அப்படியானால் 'கெடு', 'கேள்', 'கிளி' ஏன் மாறவில்லை? அவற்றில் உயிரை அடுத்து ட, ள போன்ற நாவளை ஒலி வருகிறது. அவ்வொலி மாற்றத்தைத் தடுத்துவிட்டது. தெலுங்கிலோ அந்தத் தடை இல்லாததால் 'செடு', 'சிலுக' என்றே ஆகிவிட்டன.

இனி, எம்மொழி எம்மொழிக்கு நெருக்கம் என்று தீர்மானிக்க, இரண்டும் பழையதைக் காத்திருப்பதைச் சான்றாகக் கொள்ளாமல், இரண்டும் சேர்ந்து புதிதாக மாறியிருப்பதையே சான்றாகக் கொள்ளுங்கள். மலையாளத்திலும் 'செவி' சகரம் பெற, 'கிளி' ககரத்தோடு நிற்கிறது. மாற்றம் மட்டுமல்லாமல் அதன் தடையும் இரு மொழிகளிலும் ஒன்றாகவே இருப்பதால், அம்மாற்றம் நிகழ்ந்தபோது தமிழும் மலையாளமும் பிரிந்திருக்கவில்லை என்று கொள்ளலாம். தெலுங்கின் சகரமோ வேறு நிபந்தனையில் தனியே விளைந்தது.