முகப்பு மேசையில் சக்குலன்ட்: செட்டிநாட்டு வெயிலில் செய்யக் கூடாதவை

சித்தப்பாவின் மணிவிழாவுக்குப் பள்ளத்தூர் வீட்டு முகப்பில் ஆறு மேசை போட்டோம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பித்தளை உருளி. உருளிக்குள் ரோஜாப்பூ விரிந்த மாதிரி எட்டு எச்சிவேரியா (சக்குலன்ட் எனப்படும் சதைப்பற்றுள்ள செடிகளில் ஒன்று), இடைவெளியில் வெள்ளைக் கூழாங்கல். வந்தவர்களில் பாதிப்பேர் இலை முன்னால் உட்கார்வதற்கு முன்னால் செல்போனை எடுத்து அதைத்தான் படம் பிடித்தார்கள்.

பதினோராம் நாள் ஒரு செடியைத் தொட்டேன். அடி இலை கையோடு வந்துவிட்டது. அவித்த கத்திரிக்காய்த் தோல் மாதிரி வழவழப்பு, மஞ்சள் நிறம், உள்ளே தண்ணீர் தெரியும் அளவுக்கு மெலிசு. தண்டின் அடி கறுத்திருந்தது. நாற்பத்தெட்டுச் செடியில் தேறியது ஏழு. மிச்சத்தைப் பார்த்த நர்சரிக்காரர் சித்தியிடம் சொன்னார்: “ஆச்சி, செடிய நட்டு வைக்கல நீங்க. ஊற வச்சிருக்கீங்க.”

அவர் சொன்னது சரி. ஆவணி மாதம், சாயங்காலம் இடிமழை, போதாததற்குப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பாவம் பார்த்து ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஆனால் தவறு அந்த டம்ளரில் தொடங்கவில்லை. உருளியை எடுத்த அன்றைக்கே தொடங்கிவிட்டது.

ஓட்டை இல்லாத பாத்திரம்

இந்த ஊரில் இந்த ஆசையை அடக்குவது கஷ்டம். பரணைத் திறந்தால் உருளி, எனாமல் பேசின், பீங்கான் ஜாடி. வீட்டில் இல்லாதவர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. எதை எடுத்தாலும் மேசைக்கு அழகு. ஒன்றில்கூட அடியில் ஓட்டை கிடையாது.

“அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும்” என்று எல்லாரும் சொல்வார்கள். நாங்களும் போட்டோம். ஒரு ஸ்பான்ஜை நன்றாக நனைத்துச் சும்மா தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சொட்டுவது நின்ற பிறகும் அதன் அடிப்பகுதி ஈரமாகத்தான் இருக்கும். மண்ணும் அப்படித்தான். மண்ணின் கண்கள், அதாவது துகள்களுக்கு நடுவில் இருக்கும் துளைகள், சிறியவை, ஜல்லியின் இடைவெளிகள் பெரியவை. மண் முழுக்கத் தண்ணீர் நிறைந்தால் ஒழிய அது கீழே இருக்கும் ஜல்லிக்குள் இறங்காது. ஆக, ஜல்லி போட்டதால் ஈரப் பகுதி மறையவில்லை, இரண்டு அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்காக உருளியை விட்டுவிட வேண்டாம். செடியைச் சின்ன மண் தொட்டியில், ஓட்டையுள்ள தொட்டியில், நட்டுத் தொட்டியோடு உருளிக்குள் இறக்குங்கள். தொட்டி விளிம்பு மறையும்படி கூழாங்கல்லோ காய்ந்த தேங்காய் நாரோ நிரப்பினால் யாருக்கும் தெரியாது. தண்ணீர் விடும் நாளில் தொட்டியை மட்டும் வெளியே எடுத்துத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் வடியவிட்டுத் திரும்ப வையுங்கள். மண் தொட்டிக்கு மானாமதுரை பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுட்ட மண்ணின் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும் என்பதால் வேருக்கு அது இரட்டை லாபம். மெருகு பூசிய பீங்கானிலும் பிளாஸ்டிக்கிலும் அது நடக்காது.

துளை போட்டே ஆக வேண்டுமென்றால் புதுப் பீங்கானில் போடுங்கள்: டைல்ஸ் துளைக்கும் பிட், மெதுவான வேகம், துளை மேல் கொஞ்சம் தண்ணீர். அப்பத்தா காலத்து எனாமல் பேசினில் வேண்டாம். பூச்சு சில்லு சில்லாகப் பெயர்ந்து உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். அப்புறம் பேசினும் போச்சு, மேசையும் போச்சு.

மலைச் செடியைச் சமவெளிக்குக் கூட்டி வருவது

இதைத்தான் பெரிய தவறு என்பேன். வெயிலில் வளரும் செடிதானே, செட்டிநாட்டு வெயில் தாங்காதா என்று நினைக்கிறோம். பகல் வெயில் மட்டும் என்றால் பலதும் தாங்கும். தாங்காதது இங்கத்திய ராத்திரி.

நாம் அறிந்த பெரும்பாலான செடிகள் இலைத் துளைகளைப் பகலில் திறந்து மூச்சு விடும். சதைப்பற்றுள்ள செடிகளில் பல, தண்ணீரைச் சேமிப்பதற்காகப் பகலில் அடைத்துக்கொண்டு இரவில் திறக்கின்றன. இரவில் கரியமில வாயுவை வாங்கி அமிலமாக மாற்றிச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதை உணவாக்கும். குளிர்ந்த இரவு இருந்தால் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். எச்சிவேரியாக்களில் பல மெக்சிகோ மலைப்பகுதியைச் சேர்ந்தவை. பகலில் வெயில், இரவில் குளிர் என்று பழகிய செடிகள். காரைக்குடிப் பக்கம் சித்திரை, வைகாசியில் ராத்திரியில்கூட 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. செடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் நாம் தண்ணீர் விட்டால் அதை வேர் உறிஞ்சாது. சூடான ஈரமண்ணில் பூஞ்சை மட்டும் செழிக்கும்.

ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு போனால் தள்ளுவண்டியில்கூட இந்த ரோஜா வடிவச் செடிகள் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், நானே அடங்கவில்லை. கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் மேசை விருந்தாளியாக நினைத்து வாங்குங்கள். ஆண்டு முழுக்க இருக்க வேண்டிய மேசைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நர்சரியில் ‘ஜேட்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது சிறுசிறு வட்ட இலையும் சிவந்த தண்டும் உள்ள தென்னாப்பிரிக்கச் செடி. யானைகள் விரும்பித் தின்னும் செடி அது. உண்மையான ஜேடைவிட நம் சூட்டை நன்றாகத் தாங்கும், கத்தரித்தால் குட்டி மரம் மாதிரி நிற்கும். நீளவாக்கில் நடுமேசையில் வைக்கக் குள்ள வகை மருள் (ஸ்நேக் பிளான்ட்) நல்லது. நேர் வெயில் படாத ஆளோடி மேசைக்கு ஹாவோர்த்தியா. வரிவரியாக வெள்ளைக் கோடு போட்ட அந்தச் சின்னச் செடி நிழலிலேயே சந்தோஷமாக இருக்கும். திறந்த வெயில் மேசைக்குப் பாலைவன ரோஜா என்கிற அடீனியம், அதன் காலடியில் டேபிள் ரோஸ். உள்ளூர்க்காரர்களையும் மறக்க வேண்டாம். வேலியில் நாம் துவையலுக்கு ஒடிக்கும் பிரண்டை, முட்காட்டில் தானாக முளைக்கும் கள்ளிமுளையான் இரண்டும் சதைச் செடிகள்தான். கள்ளிமுளையானின் நாலு பட்டைத் தண்டு ஒரு மண்சட்டியில் நிமிர்ந்து நின்றால் இறக்குமதிச் செடி தோற்றுப்போகும். காட்டிலிருந்து பிடுங்காமல், வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி நடுங்கள்.

ஒரே தொட்டியில் கலந்து நடும்போது அழகுப்பொருத்தம் பார்ப்பதற்கு முன்னால் தாகப்பொருத்தம் பாருங்கள். கோடையில் தண்ணீர் கேட்கும் அடீனியத்தையும் கோடையில் தூங்கும் எச்சிவேரியாவையும் ஒரே சட்டியில் கட்டிவைத்தால் ஒன்று செத்துத்தான் மற்றது பிழைக்கும்.

இன்னொன்று பால். திருகுகள்ளி, கிறிஸ்துமுள் போன்றவற்றின் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் சாதாரணமாக இருக்காது. அடீனியத்தின் பாலும் நஞ்சு, ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவிய சரக்கு. பிள்ளைகள் கை நீட்டும் மேசையில், சாப்பாடு பரிமாறும் மேசையில், பால் வடியும் கள்ளி வகை வேண்டாம். அடீனியம் இருந்தால் ஓரத்து மேசையில் இருக்கட்டும். கத்தரித்த கையைக் கழுவிவிட்டுத்தான் முறுக்கை எடுக்க வேண்டும்.

வெயிலும் கல்லும்

நர்சரியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடியை வாங்கி வந்த அன்றே வெட்டவெளி மேசையில் வைத்தால் இரண்டு நாளில் இலையில் பழுப்புத் திட்டு விழும். சூட்டுக் காயம். அந்த இலை ஆறவே ஆறாது, விழும்வரை வடு வடுதான். முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மூன்று மணி நேரம் என்று பழக்குங்கள். மே மாதக் கத்திரியில் எந்தச் செடியானாலும் பதினொரு மணிக்கு மேல் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

வளவு முற்றம் வேறு மாதிரி. நாலு பக்கமும் உயர்ந்த கூரை என்பதால் காலையும் மாலையும் நிழல், உச்சியில் மட்டும் செங்குத்து வெயில். முற்றத்தை ஒட்டிய தூண் ஓரம் சக்குலன்ட்டுக்கு அருமையான இடம். அங்கிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருட்டான மூலையில் வைத்தால் கழுத்து நீண்டு, இலைகள் விலகி, வெளிச்சத்தைத் தேடிச் சாயும். நீண்ட கழுத்து திரும்பச் சுருங்காது.

கறுப்புக் கிரானைட் மேசை, இரும்பு மேசை இரண்டும் மத்தியானத்தில் தோசைக்கல். தொட்டிக்கு அடியில் ஒரு மரப்பலகைத் துண்டு வைத்தால் வேர் தப்பிக்கும்.

‘வாரம் ஒருமுறை’ என்ற கணக்கு

அப்படி ஒரு கணக்கு கிடையாது. பங்குனியில் நாலு நாளில் காயும் சட்டி, ஐப்பசியில் மூன்று வாரமானாலும் காயாது. ஈர்க்குச்சி ஒன்றை அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்குத் தண்ணீர் இல்லை. இலை இளகிச் சுருக்கம் விழுந்தால் தாகம்; இலை மினுங்கி, மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தால் தண்ணீர் கூடிவிட்டது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, அழுகும் செடிக்கு இன்னும் தண்ணீர் விடுபவர்கள்தான் அதிகம். விடும்போது ஓட்டை வழியே வழியும்வரை விட்டு, அப்புறம் மறந்துவிடுங்கள். தினம் ஸ்பிரே அடிப்பது வேண்டாம். ரோஜா வடிவச் செடியின் நடுக்குழியில் தண்ணீர் தேங்கினால் அங்கிருந்தே அழுகும். சூடு ஏறிய மண்ணில் மத்தியானம் விடாமல் சாயங்காலம் விடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இலை மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படலம் படியும். மழைத்தண்ணீரைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை. நம் வீடுகள் அதற்கென்றே கட்டியவை: நாலு பக்க ஓட்டுக் கூரையும் உள்பக்கம் சரிந்து முற்றத்தில் கொட்டும். முதல் மழையில் ஓட்டுத் தூசி போகட்டும், அடுத்த மழைக்கு அண்டாவை வைத்துப் பிடித்து மூடிவையுங்கள். ஆனால் அதே கூரை விளிம்புக்குக் கீழே மேசையைப் போடாதீர்கள். பெய்யும் மழையைவிடக் கூரையிலிருந்து கொட்டும் மழைதான் சட்டியை நிரப்பும்.

மண்ணைப் பற்றி ஒரே பத்தி. வீட்டைச் சுற்றியுள்ள செம்மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் காய்ந்ததும் செங்கல்லாக இறுகிவிடும். நான் கலப்பது செம்மண் ஒரு பங்கு, சலித்த மக்கிய எரு அரைப் பங்கு, கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்த செங்கல் துண்டும் பருமணலும் சேர்த்து இரண்டு பங்கு. எம்-சாண்டில் இருக்கும் மாவுத்தூசி கண்களை அடைத்துவிடும், கழுவிவிட்டுப் போடுங்கள். கடல் மணல் உப்பு, கூடாது. நர்சரியிலிருந்து தென்னை நார்க்கழிவோடு வரும் செடியை அப்படியே வைத்திருந்தாலும் சிக்கல்: அது காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, நனைந்தால் விடாது.

மேசைக்கும் மனிதருக்கும்

இப்போது ஆத்தங்குடிக் கல் பதித்த மேசைகள் நிறைய வந்துவிட்டன. அது சூளையில் சுட்ட டைல்ஸ் இல்லை, கண்ணாடிமேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கியது. ஈரச் சட்டியை நேராக வைத்தால் வெள்ளை வட்டம் விழும். அதைப் போக்க எலுமிச்சையோ வினிகரோ ஆசிட்டோ தேய்ப்பதுதான் உண்மையான சேதம். அமிலம் சிமென்ட்டை அரித்துப் பளபளப்பையே எடுத்துவிடும். சட்டிக்கு அடியில் தட்டு, தட்டுக்கு அடியில் சின்னக் கால் இருந்தால் வட்டமே விழாது.

உயரம் ஒரு சாணைத் தாண்ட வேண்டாம். எதிரே இருப்பவர் முகத்தைக் கள்ளிக்கு இடையில் தேடிப் பேசும்படி ஆகிவிடும். அகலமும் அப்படித்தான். தலைவாழை இலை விரிக்கிற மேசை என்றால் முதலில் இலையைப் போட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் செடி. சப்பாத்திக்கள்ளி வகையின் கண்ணுக்குத் தெரியாத பூமுள் முழங்கையில் ஏறினால் அன்றைய விருந்தே அதைப் பற்றித்தான் பேசும்.

வண்ண மணல், பெயின்ட் அடித்த செடி, கூழாங்கல்லைப் பசையால் ஒட்டிய சட்டி மூன்றும் கடையிலேயே விட்டுவிட வேண்டியவை. ஒட்டிய கல்லுக்கு அடியில் மண் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. நெருக்கி நட்டால் முதல் நாள் நிறைவாகத் தெரியும், பிறகு காற்று நுழையாமல் இலை இடுக்கில் மாவுப்பூச்சி குடியேறும். எறும்பு வரிசை சட்டியில் ஏறினாலே சந்தேகப்படுங்கள், அதற்கு மாவுப்பூச்சியின் தேன்கசிவு வேண்டும். பஞ்சில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, வெயில் தாழ்ந்த பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தால் அடங்கும்.

போன தையில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அதே ஆறு உருளியைத்தான் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் மூன்று மானாமதுரைச் சட்டி, நாரால் மூடி. நாலு நாளைக்கு முன்பே தண்ணீர் விட்டாயிற்று, அன்றைக்கு ஒரு சொட்டும் கிடையாது. “தண்ணி விட வேண்டாம்” என்று தாளில் எழுதி உருளிக்குள்ளேயே செருகிவைத்தாள் தங்கை. பந்தி முடிந்து இலை எடுக்கும்போதே சட்டிகளையும் எடுத்து, முற்றத்துத் தூண் ஓரத்தில் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம்.