பின்சீட் ஏசியில் காற்று வரவில்லை: எர்த் வயரைப் பாருங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர் வெயிலில் எங்கள் ஏழு சீட் வண்டியின் பின்பக்க ஏசி மட்டும் நின்றுபோனது. முன்னால் ஜில்லென்று இருக்கிறது, பின்னால் அம்மா புழுங்குகிறார். குளிரூட்டும் கேஸ் குறைந்திருந்தால் காற்றாவது வரும். காற்றே இல்லையென்றால் காற்றைத் தள்ளும் மின்விசிறியான ப்ளோயர் பக்கம்தான் கோளாறு.

ஃப்யூஸ், ரிலே சரி. ப்ளோயர் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டியது. இதைப் பார்த்துத்தான் பலர் மோட்டாரை வீணாக மாற்றுகிறார்கள். லோடு இல்லாதபோது, அதாவது மோட்டார் கரண்ட் இழுக்காதபோது, தொடர்பு அரைகுறையாக இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். அதனால் கனெக்டரை மாட்டி, ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, எர்த் வயருக்கும் (மோட்டாரிலிருந்து கரண்ட் வண்டி பாடி வழியாகத் திரும்பும் வயர்) பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தேன். அரை வோல்ட்கூட வரக்கூடாத இடத்தில் 9 வோல்ட்! அப்படியென்றால் எர்த் தொடர்புதான் கெட்டிருக்கிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின் சக்கரத்துக்கு மேலுள்ள உள்பிளாஸ்டிக்கை எடுத்தேன். எர்த் போல்ட்டைச் சுற்றி துரு. வயர் முனையில் பச்சைக் களிம்பு. பாம்பன், தனுஷ்கோடி உப்புக்காற்று உள்ளே வரை போயிருக்கிறது. உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது முனை போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். அப்புறம் அளந்தால் 0.1 வோல்ட்டுக்கும் கீழே. காற்று பழையபடி வீசுகிறது.