எஸ்யூவிக்கு ஆல் சீசன் டயர்: அளவு சரியாக இருந்தும் தவறிப்போகும் இடங்கள்

டயர் வாங்கப் போகிறவர்களில் பலர் கேட்பது அளவு ஒன்றைத்தான். “235/65 ஆர்17 இருக்கிறதா?” இருக்கும். ரிமில் கச்சிதமாக உட்காரவும் செய்யும். ஆனால் அந்த அளவை ஒட்டியே பக்கச்சுவரில் இன்னொரு எண்ணும் எழுத்தும் உண்டு. ஒரு டயரில் 104எச், அதே அளவுள்ள வேறொன்றில் 108வி. அதைப் படிக்காமல் விடுவதுதான் குடும்ப வண்டியில் மிக ஆபத்தான தவறு.

104 என்றால் ஒரு டயர் அதிகபட்சம் 900 கிலோ சுமக்கும். 108 என்றால் 1,000 கிலோ. 108 கேட்கும் வண்டிக்கு 104 போட்டால் நான்கு சக்கரத்திலும் சேர்த்து 400 கிலோ தாங்கும் திறன் போய்விடுகிறது. தனி ஆளாக ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. ஏழு பேர் ஏறி, மேலே கேரியரில் பெட்டிகளும் கட்டி, வெயிலில் மூன்று மணி நேரம் வேகமாகப் போகும்போது பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்ந்து சூடாகும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை ரப்பரை விட்டுப் பிரியலாம். எச், வி என்பவை வேக எல்லை: முறையே மணிக்கு 210, 240 கி.மீ. வண்டியின் கையேட்டில் உள்ளதைவிடச் சுமை எண், வேக எழுத்து இரண்டுமே குறையக் கூடாது.

காற்றழுத்தத்தையும் டயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கச்சுவரில் இருப்பது உச்ச வரம்பு. அடிக்க வேண்டிய அளவு ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கிறது. பல வண்டிகளில் முழு லோடுக்கென்று தனி அளவே கொடுத்திருப்பார்கள்.

அடுத்து, எல்லாப் பருவத்துக்கும் என்று பொருள்படும் ‘ஆல் சீசன்’ என்ற பெயர். எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) குறி இருந்தாலே பனியில் ஓடும் என்று நம்பிவிடுகிறார்கள். அது டிரெட்டின், அதாவது தரையைத் தொடும் வரிப்பள்ளங்களின், வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே போடும் குறி. பனியில் பிடிப்பைச் சோதித்துத் தேறிய டயரில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருக்கும். பனி விழும் இடத்துக்கு அந்தச் சின்னம் இல்லாததை வாங்கவே வேண்டாம். கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டிக்கு அதுவும் உத்தரவாதம் இல்லை. பனியே இல்லாத ஊரில் ஓட்டுபவர் சின்னத்தைத் தேட வேண்டியதில்லை. ஈரச் சாலையில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பார்த்து வாங்கட்டும்.

காசு மிச்சம் என்று இரண்டு டயரை மட்டும் மாற்றுவது நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் ஆல் வீல் டிரைவ் வண்டியில் பெருஞ்செலவில் முடியும். பழையதில் டிரெட் ஆழம் 4 மி.மீ., புதியதில் 8 மி.மீ. என்று வையுங்கள். புது டயரின் சுற்றளவு சுமார் 25 மி.மீ. கூடுதல். 235/65 ஆர்17 அளவில் கணக்குப் போட்டால், அதே எண்ணிக்கை சுற்றுக்கு ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 11 மீட்டர் வித்தியாசம். நேர் ரோட்டில்கூட முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற, அந்த வித்தியாசத்தை ஓயாமல் ஈடுகட்டும், இரண்டு அச்சையும் இணைக்கும் நடுக் கப்ளிங் சூடாகித் தேய்கிறது. எத்தனை மி.மீ. வரை பொறுக்கும் என்பது கையேட்டில் இருக்கும். டூ வீல் டிரைவில் இரண்டு மாற்றலாம். ஆனால் முன்சக்கர இழுவை வண்டியானாலும் புதியவை பின்னால்தான் போக வேண்டும். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுச் சமாளித்துவிடலாம். பின்பக்கம் வீசினால் பெரும்பாலும் வண்டியே சுழன்றுவிடும்.

தள்ளுபடி டயரில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் டாட் குறியின் கடைசி நான்கு இலக்கம் 2323 என்றால் 2023-ன் 23-வது வாரம். இந்த இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம் என்பதால் பூட்டும் முன்பே நான்கிலும் படித்துவிடுங்கள்.

பூட்டும்போது நட்டை ஏர் கன்னால் மட்டும் முறுக்கி அனுப்ப விடாதீர்கள். கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.