மார்பில் கட்டியா? அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மார்பில் கட்டி என்றதும் வீட்டில் வரும் முதல் பேச்சு, "முதல்ல கட்டியை எடுத்துடலாம், மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான். பக்கத்து டவுனில் மரப்பு ஊசி போட்டுக் கட்டியை எடுத்துவிட்டு, எடுத்த சதையை டெஸ்டுக்கே அனுப்பாமல் விடுவதும் நடக்கிறது. இதைவிடப் பெரிய தவறு கிடையாது. என்ன கட்டி, ஓரத்தில் நோய் மிச்சமில்லாமல் சுத்தமாக வந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது, புற்றுநோயாக இருந்தால் பெரும்பாலும் மறுபடி கத்தி வைக்க வேண்டிவரும்.

முதலில் மேமோகிராம், ஸ்கேன். அப்புறம் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்து பயாப்சி. ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். புற்றுநோய் என்று வந்துவிட்டால் ஈஆர், பிஆர் (கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று காட்டுபவை), ஹெர்2 (கட்டியை வேகமாக வளர்க்கும் ஒரு புரதம்) மூன்றும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், மாத்திரையா, கீமோவா, ஹெர்2 இருந்தால் போடும் டிராஸ்டுஜுமாப் ஊசியா என்பதெல்லாம் பெரும்பாலும் அதைப் பொறுத்தே முடிவாகும். ஹெர்2 "2+" என்று இருந்தால் இன்னும் முடிவு தெரியவில்லை என்று அர்த்தம், ஹெர்2 மரபணுவையே பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் செய்ய வேண்டும். சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே கீமோ தருவார்கள். உடனே "முத்திப்போச்சு, கைவிட்டுட்டாங்க" என்று அழ வேண்டாம், கட்டியைச் சுருக்கிவிட்டு எடுப்பதற்காகவும் அப்படிச் செய்வதுண்டு.

முழு மார்பையும் எடுத்தால்தான் உயிர் தங்கும் என்பது இன்னொரு தவறான எண்ணம். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தாலும் ஆயுள் குறைவதில்லை, 20 வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகள் 2002லேயே வந்துவிட்டன. ஆனால் கரண்ட்டைப் பாதியில் விடக் கூடாது. வாரத்தில் ஐந்து நாள், பெரும்பாலும் மூன்று வாரம் போல ஆகும் என்பதால் சேலமோ பெங்களூரோ, எங்கே தங்குவது, கூட யார் இருப்பார்கள் என்று யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அது முடியாது என்று முழுசாக எடுக்கச் சொல்லும் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும், அக்குளில் நெறிக்கட்டி வரை பரவியிருந்தால் முழுசாக எடுத்தவர்களுக்கும் பல நேரம் கரண்ட் தேவைப்படும்.

மாங்காய் சீசன் முடியட்டும் என்று கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். ஹார்மோனைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை எழுதிக்கொடுத்தால் குறைந்தது ஐந்து வருடம். உடம்பு தேறிவிட்டது, மாத்திரை எதற்கு என்று இரண்டாம் வருடமே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், உடம்புச் சூடு தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று அட்மிட் ஆவதற்கு முன்பே கேளுங்கள், பெங்களூரு போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பயாப்சி பிளாக்கை (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டையை) லேபிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வேறு டாக்டரிடம் காட்டும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.