காட்டேரி விளையாட்டுகளில் முடிவெடுப்பது எப்படி?

காட்டேரியாக ஆடும் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகவே மாறி முடிவெடுத்து ஆடும்) கணினி விளையாட்டுகளில், நல்லவனாகவே இருப்பேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு இறங்குபவர்கள் பாதி வழியில் திணறிப்போகிறார்கள். ஒரு முடிவு எந்தக் கணக்கில் ஏறுகிறது, அதன் விளைவு எப்போது வந்து சேரும் என்ற இரண்டையும் முதலில் அறிந்துகொள்வதே பயன் தரும். கதைத் திருப்பங்கள் சிலவற்றை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

டோன்ட்நாட் நிறுவனம் உருவாக்கி 2018-இல் வெளிவந்த 'வாம்பயர்' விளையாட்டின் களம், ஸ்பானிஷ் ஃப்ளூ பரவிய 1918-ஆம் ஆண்டு லண்டன். நாயகன் ஜொனாதன் ரீட் ஒரு மருத்துவர், புதிதாகக் காட்டேரியானவர். நகரவாசி ஒருவரைக் கடித்துக் கொன்றால் அனுபவப் புள்ளிகள் கொத்தாகக் கிடைக்கும். அவருடைய இரகசியங்களை அறிய அறிய அவர் இரத்தத்தின் மதிப்பு கூடும். நோய்க்கு மருந்து கொடுத்தாலும் கூடும். அந்த மருந்துதான் அவர் வாழும் பகுதியின் நலத்தையும் காக்கிறது. கொல்ல நினைப்பவரும் காக்க நினைப்பவரும் கடைசிக் கணம்வரை ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்பது என்னைப் பொறுத்தவரை இவ்விளையாட்டின் ஆகச் சிறந்த கற்பனை.

புள்ளிகளைத் திறனாக மாற்ற மறைவிடத்தில் உறங்கியாக வேண்டும். விழித்தெழும்போது புதிதாகச் சிலர் நோயில் விழுந்திருப்பார்கள். முந்தைய முடிவுகளின் பலனும் அப்போதுதான் தெரியவரும். ஆகவே புள்ளிகளைச் சேர்த்துவைத்து, உறங்கும் முன் எல்லோருக்கும் மருந்து கொடுத்துவிட்டு, குறைவான முறையே உறங்குங்கள். விளையாட்டு தானாகவே சேவ் ஆகிவிடுவதால், பழைய இடத்திற்குத் திரும்பி முடிவை மாற்ற முடியாது.

இரக்கமாகத் தோன்றும் தேர்வையும் நம்பிவிடக் கூடாது. கப்பல்துறைப் பகுதியில் ஏழைகளுக்குப் புகலிடம் நடத்தும், தாமும் ஒருவகைக் காட்டேரியாகிவிட்ட ஷான் ஹாம்ப்டனை அப்படியே விட்டுவிடுவது கருணை போலத் தெரியும். ஆனால் மனித மாமிசத்தின் மேல் அவருக்குள்ள பசி அடங்காமல், அப்பகுதியே சீரழியும். ரீட் தம் இரத்தத்தைக் கொடுத்து அவரை மாற்றுவதே பகுதியைக் காக்கும் வழி. எவரையும் கடிக்காமல் ஆடினால் எதிரிகள் உங்களைவிட வலுவாகவே இருப்பார்கள். பிற்பாடு சேர்க்கப்பட்ட, சண்டை எளிதான கதை நிலையைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டிராய்கா நிறுவனம் 2004-இல் தந்த 'வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்' இரண்டு கணக்குகளை வைத்திருக்கிறது. அப்பாவிகளைக் கொன்றால் மனிதத்தன்மை குறையும். அது குறையக் குறைய வெறி எளிதில் தலைக்கேறும். மனிதர் கண்முன் காட்டேரிச் சக்தியைக் காட்டினால், காட்டேரிகள் இருப்பதை மறைத்துவைக்கும் இரகசியம் மீறப்படும். ஐந்து மீறல்களோடு ஆட்டம் முடிந்துவிடும். இந்த இரண்டிலும் முழுமையாக அடங்காதவள் ஹெதர். சான்டா மோனிகா மருத்துவமனையில் சாகக் கிடக்கும் அவளுக்கு உங்கள் இரத்தத்தைக் கொடுத்தால், பிழைத்து வந்து உங்களுக்கு அடிமையாகிறாள்; பணம் தருகிறாள், பின்னாளில் உடற்கவசமும் தருகிறாள். கூடவே வைத்துக்கொண்டால் எதிரிகள் கையில் மாண்டுபோவாள். கவசம் கைக்கு வந்ததும், அவள் எவ்வளவு மன்றாடினாலும் அனுப்பிவிடுங்கள்.