ஊரடங்கில் ஒரு டெஸ்ட் போட்டியை ஐந்து நாளும் பார்ப்பது எப்படி?

2020 மார்ச் 29 அன்று வான்கடே மைதானத்தில் மும்பைக்கும் சென்னைக்கும் இடையே தொடங்கியிருக்க வேண்டிய ஐ.பி.எல்., முதலில் ஏப்ரல் 15க்குத் தள்ளிப்போனது. ஏப்ரல் 16ஆம் தேதி அறிவிப்புக்குப் பிறகு எப்போது என்றே தெரியாமல் நின்றது. ஒலிம்பிக் அடுத்த ஆண்டுக்குப் போனது. விம்பிள்டன் அந்த ஆண்டு நடக்கவே இல்லை. கொரோனா ஊரடங்கின் முதல் இரண்டு வாரங்கள் நான் கைபேசியில் பழைய சிக்ஸர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, அரை மணி நேரத்தில் சலித்து வைத்துவிடுவேன். காட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை மணிக்கு வந்து உட்கார வேண்டும் என்ற ஒழுங்கும், அடுத்த பந்தில் என்ன ஆகுமோ என்ற பதைப்பும்தான் காணாமல் போயிருந்தன. ஒரு பழைய டெஸ்ட் போட்டியை, முதல் நாள் ஆட்டத்தை முதல் நாளிலும் இரண்டாம் நாள் ஆட்டத்தை மறுநாளிலுமாகப் பார்த்தால் அவ்விரண்டும் ஓரளவு திரும்பக் கிடைக்கின்றன.

முதலில் போட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவு தெரிந்திருந்தாலும் வழி மறந்துபோன போட்டியே இதற்கு ஏற்றது. 2001இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான கொல்கத்தா டெஸ்ட்டில் லட்சுமண் 281 எடுத்ததும், நான்காம் நாள் முழுவதும் அவரும் திராவிடும் ஆட்டமிழக்காமல் நின்றதும் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு அடுத்து, மார்ச் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் நடந்த சென்னை டெஸ்ட்டைக் கேட்டுப் பாருங்கள். இந்தியா வென்றது என்பதற்கு மேல் பலருக்கு நினைவிருக்காது. நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

நேரத்தில் சமரசம் கூடாது. காலை 9.30க்கு முதல் பந்து, 11.30க்கு உணவு இடைவேளை, 12.10 முதல் 2.10 வரை இரண்டாவது பகுதி, 2.30 முதல் 4.30 வரை மூன்றாவது பகுதி என்பது இந்தியாவில் டெஸ்ட் போட்டிகளின் வழக்கமான கணக்கு. இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் சுருக்கங்களே என்பதால் ஒரு பகுதிக்குப் பதினைந்து இருபது நிமிடக் காட்சிதான் தேறும். ஆனாலும் அதை அந்தந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும், மீதி நேரம் ஸ்கோர் புத்தகத்துக்கு. தொலைக்காட்சியை நம்ப வேண்டாம். ராமாயண மறுஒளிபரப்புக்கும் பழைய நாடகங்களுக்கும் இடையே ரிமோட் நம் கைக்கு வந்ததில்லை.

அடுத்தது, முடிவை நம்மிடமிருந்தே மறைப்பது. காணொளியின் தலைப்பிலேயே யார் வென்றார்கள் என்று போட்டுவிடுகிறார்கள். ஆகவே வீட்டில் கிரிக்கெட்டில் அக்கறை இல்லாத ஒருவரைக் கொண்டு காணொளியைத் திறக்கச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய துரோகி திரையின் அடியில் ஓடும் நேரக் கோடு. ஆறு நிமிடமே பாக்கி என்று தெரிந்துவிட்டால், களத்தில் நிற்பவர் இன்னும் எவ்வளவு நேரம் ஆடுவார் என்பதும் தெரிந்துவிடும். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளை மடித்து, கணினித் திரையின் அடிப்பகுதியில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன்.

ஸ்கோர் புத்தகம்தான் இதில் உயிர். நீளமான கோடு போடாத நோட்டு ஒன்றை எடுத்து, இடப்பக்கம் ஆட்டக்காரர்களுக்கும் வலப்பக்கம் பந்துவீச்சாளர்களுக்கும் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறு பந்தும் வெறும் பந்தாகப் போனால், மேலே மூன்றும் கீழே மூன்றுமாக வைத்த புள்ளிகளை இணைத்து ஆங்கில 'எம்' எழுத்தாக ஆக்குவது மெய்டனுக்கான குறி. அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் அதே கோடுகளை 'டபிள்யூ'வாகத் திருப்ப வேண்டும். சுருக்கத்தில் விடுபட்ட பந்துகளை ஊகித்து நிரப்பாதீர்கள். கட்டத்தைக் காலியாக விட்டு, நாள் முடிவில் மொத்தத்தை மட்டும் ஸ்கோர்கார்டைப் பார்த்து எழுதினால் போதும். அதுவும் அன்றைய நாளின் வரைக்கும்தான்; கீழே கண் போகாமல் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி எழுதும்போதுதான் பார்த்த ஆட்டமே வேறாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 340 என்று வலுவாக நிற்கிறது, ஹேடன் இரட்டைச் சதத்தை நோக்கிப் போகிறார். இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் ஹர்பஜனின் பந்து கால்காப்பில் பட்டு எழுந்து ஸ்டம்புப் பக்கம் போக, ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்டீவ் வாஹ் அதைக் கையால் தள்ளிவிட்டு 47 ரன்னில் வெளியேறுகிறார். இந்த விக்கெட்டைப் பந்துவீச்சாளரின் கணக்கில் எழுதக் கூடாது. 'பந்தைக் கையாண்டார்' என்று ஆட்டக்காரரின் கட்டத்தில் மட்டும் குறிக்க வேண்டும். (2017இல் இந்த விதி 'ஆட்டத்துக்கு இடையூறு' என்பதற்குள் சேர்ந்துவிட்டது.) அங்கிருந்து 391க்குள் மொத்த அணியும் சுருண்டது. ஹர்பஜனுக்கு அந்த இன்னிங்ஸில் 7, அடுத்ததில் 8. கையால் எழுதிக்கொண்டே வந்தால், பதினைந்து விக்கெட் என்பது எவ்வளவு பெரிய வேலை என்று விரல் சொல்லும்.

இடைவேளையில் மொட்டை மாடிக்குப் போகலாம், தெருவுக்கு வேண்டாம். கேரம் ஆடியவர்களைத் திருப்பூர் காவல்துறை ட்ரோன் விட்டுத் துரத்திய காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாடியில் டென்னிஸ் பந்து, ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் அவுட், கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அடித்தவரே அவுட் என்ற பழைய சட்டங்கள் போதும். கீழ் வீட்டில் பெரியவர்கள் உறங்கும் பிற்பகலில் ஆட வேண்டாம்.

கூட்டாளி ஒருவர் கட்டாயம் தேவை. நண்பரும் நானும் ஒரே நேரத்தில் காணொளியை ஓடவிட்டு, இடைவேளை வரை வாட்ஸ்அப் பக்கம் போவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஐந்தாம் நாள், 155 இலக்கை நோக்கி லட்சுமண் 66 எடுத்து நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மார்க் வாஹ் பிடித்த கேட்சுக்கு நண்பரால் வாயைக் கட்ட முடியவில்லை. மூன்று அழுகைப் பொம்மைகள் வந்துவிட்டன. எட்டு விக்கெட் போன பிறகு, முதல் டெஸ்ட் ஆடிய விக்கெட் கீப்பர் திகே ஒரு முனையில் நிற்க, மெக்ராத் பந்தில் ஹர்பஜனே வெற்றி ரன்னை அடித்தார். அன்று மைதானத்தில் இருந்த சித்தப்பாவுக்கு உடனே போன் செய்தேன். முன் வரிசை முழுக்க எழுந்து நின்றுவிட்டதால் அந்த அடியைத் தான் பார்க்கவே இல்லை என்றும், சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார்.

இரண்டாவது போட்டிக்கு இதே மைதானத்தின் 1999 பாகிஸ்தான் டெஸ்ட்டை மட்டும் ஊரடங்கில் எடுக்காதீர்கள். சச்சின் முதுகு வலியோடு 136 எடுத்தும் 12 ரன்னில் தோற்ற போட்டி அது. நான்காம் நாளே முடிந்துவிடும், ஐந்தாம் நாள் மனதை ஆற்றிக்கொள்ளக் கடற்கரைக்கும் போக முடியாது.